தனிக்கரி: கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைக் கற்போரும் கற்பிப்போரும் பெரும்பாலும் ஒருமுகமாகக் கூறும் முடிபு ஒன்று உண்டு. பாண்டியன் ஒருவன் சொல்லை நம்பினான். வேறு சான்று தேடினான் அல்லன். அதனால் கோவலன் மாண்டான் என்பது அம்முடிபு. இது முற்றும் பொய்யன்று. ஆயினும் காப்பியம் உணர்த்துவதை இது குறைத்தே கூறுகின்றது என்பது நம் கருத்து. ஒருவன் சொல்லை நம்புதல்தானே பிழையாயின், அதே மன்னன் பின்னர்க் கண்ணகி ஒருத்தியின் சொல்லைக் கேட்டுத் தன்னையே குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டதும் பிழையாதல் வேண்டும். அவள் பொருட்டுச் சான்றுரைக்க அவ்வவையில் எவரும் எழுந்தாரல்லர். எண்ணிக்கையான் நோக்கின் இரண்டு வழக்கும் ஒரு தன்மையனவே. அங்ஙனமாக, முன்னது கொடுங்கோலாகவும் பின்னது முறையாகவும் முடிந்தமை எதனால்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா இலக்கியத்தோடு அமைவதன்று. கொலை வழக்கில் தண்டம் பெற்றோர் மேல்முறையீடு செய்யுங்கால், ஒருவரே கண்டார், ஒருவரே கூறினார், அவ்வொருவர் சொல்லின்மேல் ஓர் உயிரை ஒறுத்தல் தகுமோ என்னும் வாதம் நீதிமன்றங்களில் இன்றும் எழுகின்றது. ஆதலின் முதற்கண் இக்காலத் தீர்ப்பு ஒன்றின் கருத்தைத் தொகுத்துக்கொண்டு, அதனை அளவுகோலாக வைத்துக் காப்பியத்தை நோக்குவோம்; பின்னர்க் காப்பியத்தை அளவுகோலாக வைத்துத் தீர்ப்பையும் நோக்குவோம்.

1957ஆம் ஆண்டின் தீர்ப்பு

சென்னை மாநிலத்திலிருந்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற கொலை வழக்கு ஒன்றில் 1957 ஏப்பிரல் 12ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பெற்றது. தேநீர்க்கடை நடத்தி வந்த ஒருவர் இரவில் கொலையுண்டார். கொலையை நேரிற் கண்டவராக வழக்குக்கு நிலைக்களமாய் நின்றவர் அவர் மனைவி ஒருவரே. அவர் சொல் ஒன்றையே கொண்டு தூக்குத் தண்டம் விதித்தல் கூடாது என்பது மேல்முறையீட்டாளர் தரப்பு வாதம். தீர்ப்பை எழுதிய நீதியரசர் புவனேசுவர் பிரசாத் சின்ஹா அவ்வாதத்தை ஏற்றாரல்லர், மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

அத்தீர்ப்புக்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. எந்தச் செய்தியை மெய்ப்பிப்பதற்கும் இத்துணைச் சாட்சிகள் வேண்டும் என்னும் எண் வரையறை இல்லை என்பது அப்பிரிவின் கருத்து. அச்சட்டத்தின் இடத்தில் 2024 சூலை 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியமும் தன் 139ஆம் பிரிவில் இக்கருத்தை மாற்றாது கொண்டுள்ளது.

சாட்சியத்தை எண்ணுதல் ஆகாது, நிறுத்தலே வேண்டும் என்பது தீர்ப்பின் உட்கிடை. அதன்படி வாய்மொழிச் சாட்சியம் மூவகைப்படும். முழுதும் நம்பத்தக்கது ஒன்று. முழுதும் நம்பத்தகாதது ஒன்று. முழுதும் நம்பத்தக்கதும் அன்றாய் முழுதும் தள்ளத்தக்கதும் அன்றாய் இடைநிற்பது ஒன்று. முதலிரு வகையிலும் நீதிபதிக்கு இடர்ப்பாடு இல்லை; ஒருவர் சொல்லே தீர்ப்புக்குப் போதும். இடைநின்ற மூன்றாம் வகைக்கே வேறு சான்றின் துணை வேண்டப்படும். சிறுவர் கூற்று, குற்றத்துக்கு உடந்தையானவன் கூற்று முதலியன தம் இயல்பினாலேயே துணைச்சான்றை வேண்டி நிற்பன. எல்லா வழக்கிற்கும் பலர் சாட்சி வேண்டும் என நீதிமன்றம் வற்புறுத்துமாயின், அது பொய்ச்சாட்சிகளைக் கூட்டி வருதற்கு மறைமுகமாக ஊக்கம் தருவதாய் முடியும் என்றும் தீர்ப்பு எச்சரிக்கின்றது. இவ்வெச்சரிக்கை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது.

கரி என்னும் சொல்

சாட்சியைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய சொல் கரி என்பது. திருக்குறளிலும் சிலப்பதிகாரத்திலும் அது பயின்று வரக் காண்கிறோம். பொய்ச்சாட்சி கூறுதல் பொய்க்கரி போதல் எனப்பட்டது. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்க்கரி கூறுவாரைப் பற்றி உண்ணும் எனக் காப்பியம் கூறுகின்றது. அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் முன்னைச் செயல்களை எடுத்துரைக்கும்போது அப்பூதத்தைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று வருகின்றது. பத்தினி ஒருத்தியின்மேல், தான் அறியாத செய்திக்கு ஒருவன் பொய்க்கரி கூறினான். பூதம் அவனைப் பற்றிற்று. அவன் தாயின் துயர் கண்ட கோவலன் தன்னுயிரை ஈடாகக் கொள்ளுமாறு வேண்டினான். பூதம் அதற்கு இசையாது அவனை உண்டது. அதன்பின் அவன் சுற்றத்தைக் கோவலன் பல்லாண்டு புரந்தான்.

இப்பகுதி கோவலனின் அருளுடைமையைக் காட்டுவது எனக் கூறி அமைவார் உளர். அஃது உண்மையே. எனினும் இடம் நோக்கின் மேலும் ஒன்று புலனாகும். மாடலன் இதனைக் கூறுவது கோவலன் மதுரை நகரினுள் வாழத் தொடங்குமுன். அடுத்த காதை கொலைக்களக் காதை. பொய்ச்சாட்சி ஒருவனுக்காகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வந்தவன் பொய்ச்சாட்சி ஒருவனாலேயே உயிர் இழக்கப் போகின்றான். புகாரில் பொய்க்கரியைத் தெய்வம் ஒறுத்தது. மதுரையில் அவ்வேலை அரசன் அவையைச் சார்ந்தது. தெய்வம் காக்கும் ஊரில் சாட்சியை ஆராயும் முறை வேண்டப்படவில்லை. மனிதர் காக்கும் ஊரில் அதுவே முதற்கண் வேண்டப்படுகின்றது. ஆசிரியர் இவ்விரு நகரையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது இதனை உணர்த்தற்கே எனக் கருத இடமுண்டு.

காணுதலும் கருதிக் காணுதலும்

காப்பிய வழக்கினுட் புகுமுன், நேரிற் காண்டல் பற்றிய சங்கப் பாடல் ஒன்றையும் நினைவு கூர்தல் நன்று. குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் களவில் மணந்தபோது அங்கு அவனையன்றி வேறொருவரும் இலர் என்கின்றாள் தலைவி. அவன் பொய்ப்பின் தான் செய்வது என்னை எனக் கலங்குகின்றாள். பின்னர் ஒரு குருகு மட்டும் அங்கு நின்றது என்கின்றாள். அக்குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்றது.

களவொழுக்கத்தின் நயத்துக்காகப் பாராட்டப்பெறும் இப்பாட்டு, சான்று பற்றிய நுண்ணிய ஆராய்ச்சியும் ஆகும். குருகு அங்கிருந்தது, அதற்குக் கண் உண்டு, ஒளியும் உண்டு. ஆயினும் அதன் நோக்கம் மீனின்மேலது. இடத்தால் அது கண்ட சாட்சி. கருத்தால் அது காணாத சாட்சி. வாய் பேசாமை அதன் இரண்டாவது குறையேயாம். முதற் குறை அதன் கவனம் வேறிடத்து நின்றமை. நிகழ்ச்சி நடந்த இடத்தில் இருந்தார் என்பதனாலேயே ஒருவர் நிகழ்ச்சியைக் கண்டார் ஆகார். இக்காலத்து வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் வினாக்களுள், விளக்கொளி எத்தகையது, எத்துணைத் தொலைவு, அவ்வேளையில் நீர் எதனை நோக்கியிருந்தீர் என்பன இன்றியமையாதன. அம்மூன்றனுள் இறுதி வினாவைக் கபிலர் குருகின்மேல் வைத்துக் காட்டிவிட்டார்.

கொலைக்களக் காதை

இனிக் கோவலன் வழக்கை நோக்குவோம். அவன்மேற் சாற்றிய குற்றம் களவு, கொலையன்று. ஆயினும் களவுக்கு உயிரே தண்டமாதலின், சாட்சியத்தின் பொறுப்பு கொலை வழக்கின் பொறுப்பினும் குறைந்ததன்று.

பொற்கொல்லன் எதனைக் கண்டான்? கோவலன் அரண்மனையுட் புகுந்ததையோ சிலம்பை எடுத்ததையோ அவன் கண்டிலன். தானே எடுத்தவனாதலின் கண்டிருத்தலும் இயலாது. அவன் கண்டது புதியவன் ஒருவன் கையில் ஒரு சிலம்பு என்பதொன்றே. அஃதன்றி ஏனைய யாவும் அவன் கட்டியுரைத்தன. கன்னமிடும் கருவிகள் கைக்கொள்ளாமல், மந்திரத்தால் காவலரைத் துயில்வித்துக் களவாடினான் என அவன் மன்னனுக்குக் கூறுகின்றான். கருவி இன்மை குற்றமின்மைக்குச் சான்றாதல் வேண்டும். அதனையே அவன் குற்றத்தின் நுட்பத்துக்குச் சான்றாக்குகின்றான். இத்தகைய கூற்றை எந்தச் செய்தியாலும் மறுத்தல் இயலாது. சான்று இருப்பின் குற்றம், இல்லையேல் மந்திரம். மறுத்தற்கு இடமளியாத கூற்று, வலிமையுடையது போலத் தோன்றினும் மெலிந்ததே என்பதை ஆராய்வார் அறிவர்.

ஆகவே பொற்கொல்லனைத் தனிக்கண்சாட்சி என்றல் பொருந்தாது. அவன் கண்சாட்சியே அல்லன். தீர்ப்பின் பாகுபாட்டின்படி அவன் இரண்டாம் வகையைச் சார்ந்தவன். குற்றத்துக்கு உரியவனே சாட்சியானமையின், உடந்தையானவனினும் தாழ்ந்த நிலையினன்.

இனி, மன்னன் ஆணையை நோக்குக. அவன் பொற்கொல்லன் சொல்லை அப்படியே ஏற்றுக் கொல்க என்றானல்லன். தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருப்பின் என ஒரு நிபந்தனை வைத்தே ஆணையிட்டான். கொல்லுதற்குக் கொணர்க என எண்ணியவன் வாய்சோர்ந்து, கொன்று கொணர்க எனக் கூறினான் என உரைவழி வந்த விளக்கமும் உண்டு. அஃது எவ்வாறாயினும் நிபந்தனை ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. இதன் பொருள் என்னை? மன்னன் துணைச்சான்று வேண்டினான் என்பதே. இவ்வுண்மையைப் பலரும் ஊன்றி நோக்கினாரல்லர். துணைச்சான்று தேடாமை அவன் பிழையன்று. தேடிய துணைச்சான்று எத்தகையது என நோக்காமையே பிழை.

அத்துணைச்சான்றில் இரண்டு குறைகள் உள. முதலாவது, அது குற்றத்தோடும் பொருந்தும், குற்றமின்மையோடும் பொருந்தும். சிலம்பு விற்க வந்தவன் கையில் சிலம்பு இருப்பது இயல்பே. அது தேவியின் சிலம்பா என்பதே வினா. கையில் உள்ளதா என்பதன்று. இரண்டாவது, அச்சான்று சாட்சியின் சொல்லினின்றும் வேறாய்ப் பிறந்ததன்று. கோவலன் கையில் சிலம்பு உண்டென்பதைப் பொற்கொல்லன் முன்னரே கண்டறிந்து, அதன்மேலேயே தன் பொய்யை எழுப்பினான். எழுப்பியவன் காட்டும் அடித்தளமே கட்டடத்துக்குச் சான்றாதல் யாங்ஙனம்? துணைச்சான்று சாட்சியைச் சாராததாய், குற்றஞ்சாட்டப்பட்டவனைக் குற்றத்தோடு பிணைப்பதாய் இருத்தல் வேண்டும் என்று 1916இல் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த விதி இங்கு நினைக்கத்தக்கது. அவ்விதியின் இரு கூறும் மதுரையில் தவறின.

கொலைக்களத்துக்கு வந்த காவலரின் நிலையும் ஆராய்தற்குரியது. கோவலனைக் கண்ட அவர்கள், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்றனர். அக்காதையில் நேரிற் கண்டு நேரிற் கூறிய உண்மைச் சாட்சியம் இஃதொன்றே. அதனை அழித்தற்குப் பொற்கொல்லன் கண்ட செய்தி எதனையும் கூறவில்லை. மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு எனப் பொதுநூல் கூறினான். பின்னர் இளைஞனாகிய காவலன் ஒருவன் தான் மழையிருளில் கண்ட வேறொரு கள்வனின் கதையைக் கூறினான். அக்கள்வன் இவன் வாளையே பற்றிக்கொண்டு மறைந்தவன். அதுவும் கண்ட செய்திதான். ஆயின் கோவலனைப் பற்றியதன்று. அவன் கூற்றின் முடிவில் மன்னன் சினத்தைப் பற்றிய அச்சமும் சேர்கின்றது. பொதுக்கூற்றும் பிறிதொரு நிகழ்ச்சியும் அச்சமும் சேர்ந்து, கண்முன் நின்றவனைக் கண்ட கண்களை மறைத்தன. கல்லாதவனும் கள்ளுண்டவனுமாகிய ஒருவன் வாளை வீசினான்.

இங்குச் சொல்லுவோர் எண்ணிக்கை கூடக்கூட உண்மை குறைந்தது. பொற்கொல்லன், இளங்காவலன் என இருவர் பேசினர். கோவலனுக்கு எதிரான சான்று ஒன்றும் மிகவில்லை. சாட்சிகளின் எண்ணிக்கையை வற்புறுத்துதலின் தீங்கைப் பற்றி 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டா.

வழக்குரை காதை

கண்ணகி அவைக்கு வந்தது மேல்முறையீடு எனத் தகும். ஆயின் தண்டம் நிறைவேறிய பின்னர் வந்த மேல்முறையீடு அது. துன்ப மாலையில் அவள் கதிரவனை நோக்கித் தன் கணவன் கள்வனோ என வினவ, கள்வன் அல்லன் என்ற விடை எழுந்தது. எல்லாவற்றையும் காணும் கதிரவன் அவளுக்குக் கரியாயினான். எனினும் அவைக்கண் அவள் அத்தெய்வச் சான்றை எடுத்துக் காட்டினாள் அல்லள் என்பது கருதற்பாலது. அவையில் நிறுத்தற்கு உரியதையே அவள் கொண்டுசென்றாள். அது மற்றைச் சிலம்பு.

அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சியின் முறை மிக நேர்த்தியானது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் முதலிற் கூறினாள். தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என மன்னன் கூறினான். இரு கூற்றும் சிலம்பை உடைக்குமுன் கூறப்பட்டவை. ஆதலின் பின்னர் மாற்றிக்கொள்ளல் இயலாது. உடைக்கப்பட்ட சிலம்போ கோவலனிடமிருந்து பெற்று மன்னன் காவலில் இருந்தது. கண்ணகி கைபட்டு மாறியிருக்கக் கூடியதன்று. மாணிக்கம் தெறித்தது. இச்சான்று அவள் சொல்லினின்று பிறவாதது. குற்றமின்மையோடன்றி வேறெதனோடும் பொருந்தாதது. கொலைக்களக் காதையின் துணைச்சான்று தவறிய இரு கூற்றிலும் இது நிறைவுற்றது.

ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்தது. இரு வழக்கிலும் சொன்னவர் ஒருவரே. முன்னதில் சொல் நிறுக்கப்படவில்லை, பின்னதில் நிறுக்கப்பட்டது. மேலும், பரல் எது என்னும் இவ்வாராய்ச்சியை முதல் ஆணையின்போதே செய்திருத்தல் கூடும். தேவியின் சிலம்பில் முத்து உண்டென்பதை மன்னன் அறிந்தே இருந்தான். சிலம்பொன்றை உடைக்கும் பொழுதே போதியது. ஊடிய தேவியை நாடிச் சென்ற வேளையில் அப்பொழுது அவனுக்கு வாய்க்கவில்லை. அறியாமையன்று, விரைவே அவன் குற்றம்.

கொலையுண்டான் மனைவி

1957ஆம் ஆண்டு வழக்கிலும் வழக்குரை காதையிலும் அவைமுன் நின்றவள் கொலையுண்டான் மனைவி என்னும் ஒப்புமை கருதத்தக்கது. உறவினர் சொல்லை ஐயுறுதல் வழக்கறிஞர் மரபு. ஆனால் 1953இல் பஞ்சாபிலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் நீதியரசர் விவியன் போசு, நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியை விடுத்துக் குற்றமற்றவனைப் பிணைத்தல் அரிது என்னும் கருத்தை வலியுறுத்தினார். பகைமை முதலிய சிறப்புக் காரணம் இருப்பின் மட்டும் அது வேறுபடும். உறவு வேறு, பயன் கருதுதல் வேறு. பொற்கொல்லனுக்குக் கோவலனோடு உறவும் இல்லை, முன்பகையும் இல்லை. மேலோட்டமாக நோக்குவார்க்கு அவனே நடுநிலைச் சாட்சி. கண்ணகியோ உறவுடையவள். நடுநிலையாகத் தோன்றியவன் பயன் கருதியவனாகவும், உறவுடையவள் மெய்யுரைத்தவளாகவும் காப்பியம் அமைந்துள்ளமை, இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்த ஆசிரியரின் நோக்கைக் காட்டுகின்றது.

தண்டம் பற்றிய ஓர் ஐயம்

இதுகாறும் தீர்ப்பும் காப்பியமும் ஒருவழிப்பட்டன. ஓரிடத்து வேறுபடுகின்றன என்பதையும் கூறுதல் வேண்டும். சான்றின் தன்மை வேறு, தண்டத்தின் அளவு வேறு என்பது தீர்ப்பின் கொள்கை. தனிச் சாட்சியை நம்பாவிடின் விடுதலை செய்க. நம்பின் குற்றத்துக்குரிய தண்டம் தருக. பாதி நம்பிப் பாதித் தண்டம் தருதல் முறையன்று என்பது அதன் கருத்து. அறிவு நோக்கில் இது குறையற்றது.

ஆயினும் நிறுப்பவர் மனிதர். துலாக்கோல் பிழைபட்டது என்பது சில வேளைகளில் காலங்கடந்தே தெரியவரும். மதுரையில் மாணிக்கம் தெறித்தது கொலைக்குப் பின்னர். மன்னன் தன் பிழையை உணர்ந்தான், ஒப்புக்கொண்டான், உயிரும் துறந்தான். இவற்றுள் ஒன்றும் கோவலனை மீட்கவில்லை. தவறிய தீர்ப்பைத் திருத்தலாம். நிறைவேறிய கொலைத்தண்டத்தைத் திருத்தலாகாது என்பதைக் காப்பியத்தின் கதையமைப்பே உணர்த்துகின்றது.

சட்டமும் பின்னாளில் இத்திசையில் நகர்ந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கொலைத்தண்டம் விதிப்பின் சிறப்புக் காரணம் கூறுக என்றது. 1980இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் அதனை அரிதினும் அரிதாய வழக்குகளுக்கு வரையறுத்தது. 2014இல் திரிபுராவிலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில், குற்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியபோதும், நீதிபதி மனத்தில் எஞ்சி நிற்கும் ஐயம் தண்டத்தைக் குறைத்தற்குக் கருதத்தக்கது என்னும் கொள்கை பேசப்பட்டுத் தூக்குத் தண்டம் நீக்கப்பெற்றது. சான்றின் தன்மைக்கும் தண்டத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்னும் 1957ஆம் ஆண்டுக் கொள்கை அவ்விடத்து நெகிழ்ந்தது. தனிச் சாட்சியைக் கொண்டு குற்றம் தீர்த்தல் முறையே. மீளாத தண்டம் தருதற்கு அதனினும் மிக்க அமைதி வேண்டும் என்பது நம் துணிபு. சிலப்பதிகாரத்தைக் கற்றார் வேறு துணிதல் அரிது.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பாண்டியன் பிழை ஒருவன் சொல்லை நம்பியது என்பதினும், அச்சொல்லையும் அதற்குத் துணையாக வேண்டிய சான்றையும் நிறுக்காதது என்பதே பொருத்தம். பொற்கொல்லன் கண்சாட்சி அல்லன். கண்ட சிறிதின்மேல் காணாத பெரிதை ஏற்றியவன். கண்ணகியும் தனியொருத்தியே, அவள் சொல் ஆராய்ச்சிக்கு உட்பட்டு வென்றது. தண்டம் மீளாததாயின் ஆராய்ச்சிக்கு உரிய காலம் தண்டத்துக்கு முந்தியது என்பதை இரு காதைகளின் வரிசைமுறை நமக்கு உணர்த்துகின்றது.

சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை, தனியொருவராய் வழக்கிட்ட முதியவரின் மூல ஓலையைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே முடிவு கூறிற்று. வாய்மொழிச் சான்றும் எழுத்துச் சான்றும் தமிழ் நூல்களில் ஆராயப்படும் முறைகளை ஒருசேரத் தொகுத்து நோக்குதல் பயனுடைத்து. இத்துறையில் ஆய்வு மாணவர் ஈடுபடுதல் வேண்டும் என்பது நம் விழைவு.